அலிப்பூர் குளமும் 28 ராஜினாக்களும்

எங்கள் குடியிருப்பு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. லிஃப்ட் பராமரிப்பு, அடுத்தவர் இடத்தில் கார் நிறுத்துபவர், துர்கா பூஜை சந்தா... இந்த மூன்றைத் தாண்டி நான்காவதாக ஒரு விஷயம் பேசி நான் பார்த்ததில்லை. வங்கிக்காரன் என்பதால் வரவு செலவைச் சரிபார்க்கும் வேலை மட்டும் தவறாமல் என் தலையில் விழும். (பி.காம். படித்தவனுக்கு இது ஆயுள் தண்டனை.)

இந்த முறை நான்காவது விஷயம் வந்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, நாங்கள் எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடுபவர், எழுந்து நின்றார். "பின்னால் இருக்கும் குளம் சின்னதாகிக்கொண்டே போகிறது. ராத்திரியில் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். யாரும் பார்க்கவில்லையா?"

எல்லோரும் பார்த்திருந்தோம். நானும்தான். செயலாளர் மெதுவாகச் சொன்னார்: "மாஷிமா, அது நம் காம்பவுண்டுக்கு வெளியே. கார்ப்பரேஷன் விவகாரம். வரி கட்டுகிறோம், அவ்வளவுதான். அதற்கு மேல் நாம் என்ன செய்ய முடியும்?"

உடனே அவர் என் பக்கம் திரும்பினார். "நீ பேங்கில் வீட்டுக்கடன் பார்க்கிறாயே, பாபா. பத்திரத்தில் அந்த இடம் என்னவென்று இருக்கிறது, பார்த்துச் சொல்."

வீட்டுக்குப் போய் என் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அடுத்தவர் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் படித்த நான், என்னுடையதன் செக்குபந்தியை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். தெற்கே: 'புக்குர்'. வங்காளியில் குளம். எங்கள் கட்டடத்தில் 32 வீடுகள். அத்தனை பேர் லாக்கரிலும் இதே வரி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

குளத்தைக் காப்பாற்ற இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. எதில் தெரியுமா? மீன்வளச் சட்டத்தில். 1984ல் வந்த மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் பின்னால் சேர்த்த 17ஏ பிரிவின்படி, 5 கட்டா அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பரப்பை மூடி வேறு உபயோகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு கட்டா 720 சதுர அடி. நம்ம ஊர்க் கணக்கில் 5 கட்டா என்பது ஒன்றரை கிரவுண்டு. எங்கள் குளம் அதைவிடப் பெரியது.

சரி, "வரி கட்டுகிறவன் என்ன செய்ய முடியும்" என்ற அந்தக் கேள்விக்கு வருவோம். இந்த ஊர் அதை 150 வருடங்களுக்கு முன்பே கேட்டுவிட்டது.

1863லிருந்து கல்கத்தாவின் நிர்வாகம் அரசு நியமித்த 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' கனவான்கள் கையில் இருந்தது. வரி போடுவதும் செலவு செய்வதும் அவர்களே. கட்டுகிறவனுக்குப் பேச்சில்லை. 1876ல் சட்டம் மாறியது. (எங்கள் அலிப்பூர் மிருகக்காட்சி சாலை திறந்ததும் அதே வருடம்தான்.) மொத்தம் 72 கமிஷனர்கள், அதில் 48 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம். அப்போது அலிப்பூர் இந்தக் கணக்கில் கிடையாது, புறநகர். 1888ல்தான் பவானிப்பூர், பாலிகஞ்ச், கிதிர்பூரோடு சேர்த்து இதையும் கல்கத்தாவுக்குள் கொண்டுவந்தார்கள். கமிஷனர்கள் 75 ஆனார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 50, அரசு நியமனம் 15, மீதிப் பத்து இடங்கள் வர்த்தக சபை, வியாபாரிகள் சங்கம், துறைமுகம் ஆகியவற்றுக்கு.

மூன்றில் இரண்டு பங்கு! ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. "பேச்சுதான் அதிகம், சாக்கடை அப்படியே கிடக்கிறது" என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கலாம். 1898ல் நகரத்தில் பிளேக் வேறு வந்து சேர்ந்தது. லெஃப்டினன்ட் கவர்னர் அலெக்சாண்டர் மெக்கன்சி பெயரால் அழைக்கப்பட்ட மசோதா அந்தச் சமயத்தில் வந்ததுதான். அடுத்து வைஸ்ராயாக வந்த கர்சன் அதை இன்னும் இறுக்கினார். 1899 சட்டப்படி கமிஷனர்கள் 50 பேர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 25 பேர்தான். தலைவர் அரசு ஆள் என்பதால் பெரும்பான்மை எப்போதும் அந்தப் பக்கம்.

சாக்கடை சரியில்லை என்றால் சாக்கடையைச் சரி செய்ய வேண்டும். அவர்கள் வாக்குரிமையைக் குறைத்தார்கள்.

அந்த செப்டம்பரில் 28 கமிஷனர்கள் ஒரே சமயத்தில் ராஜினாமா செய்தார்கள். முன்னணியில் இருந்தவர் சுரேந்திரநாத் பானர்ஜி. 1876லிருந்து 23 வருடம் அந்த சபையில் உட்கார்ந்தவர். சட்டம் நின்றுவிட்டதா? இல்லை. நிறைவேறி அமலுக்கும் வந்தது. வெளியே போனவர்கள் போனதுதான்.

ஆனால் அதே சுரேந்திரநாத் 1921ல் வங்காளத்தின் உள்ளாட்சி அமைச்சரானார். 1923ல் புதிய கல்கத்தா முனிசிபல் சட்டத்தை அவரே கொண்டுவந்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மறுபடி பெரும்பான்மை, பெண்களுக்கும் வாக்கு. அந்த வருடக் கடைசியில் நடந்த சட்டசபைத் தேர்தலில் அவர் பி.சி.ராயிடம் தோற்றுப்போனார் என்பது வேறு கதை. 1924ல் அவருடைய சட்டத்தின் கீழ் மேயரானவர் சித்தரஞ்சன் தாஸ், தலைமை நிர்வாக அதிகாரி சுபாஷ் சந்திர போஸ். பறித்ததை மீட்க 24 வருடம். ஒரு வீட்டுக்கடனுக்கும் அவ்வளவு வருடம் ஆகும், பொறுமை வேண்டும் :-)

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த வரி செலுத்துவோர் அரசியலில் 'குடிமகன்' என்றால் வரி ரசீது வைத்திருப்பவன். பஸ்தியில் வாடகைக்கு இருந்த ஏழைக்கு அதில் இடம் கிடையாது. வயது வந்த எல்லோருக்கும் கார்ப்பரேஷன் தேர்தலில் வாக்கு என்பது 1960களில்தான் வந்தது.

இப்போது நகரத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போவோம். கல்கத்தாவின் கழிவுநீர் 'பேரி' எனப்படும் மீன்குளங்களுக்குப் போகிறது. வெயிலும் பாசியும் சேர்ந்து தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன, அதிலேயே மீன் வளர்கிறது. சுமார் 12,500 ஹெக்டேர். அங்கே ஓர் உலக வர்த்தக மையம் கட்டும் திட்டம் வந்தபோது, 'பப்ளிக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடிமக்கள் அமைப்பு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1992 செப்டம்பரில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி தீர்ப்பளித்தார்: சதுப்பு நிலத்தின் உபயோகத்தை மாற்றக் கூடாது. இந்தத் தீர்ப்பு நிற்பதற்குக் காரணம் ஒரு வரைபடம். அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ் வருடக்கணக்கில் அலைந்து எல்லை குறித்து வைத்திருந்தார். 2002ல் ராம்சார் பட்டியலில் இடம், 2006ல் தனிச் சட்டம். ஆக்கிரமிப்பு நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் எல்லைக்கோடு காகிதத்தில் இருப்பதால், மீறுகிறவனை மீறுகிறான் என்று சொல்லவாவது முடிகிறது.

"கல்கத்தாவில் இப்படி, சென்னையில் எப்படி?" என்று கேட்பீர்கள். அங்கே கோடு இருந்தும் அழித்துக்கொண்டே இருந்த கதை. விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த 1998ல் நகரமைப்புச் சட்டத்தில் 113ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்குப் போட்டது. ஒரே ஒரு முறை என்பதால் உச்ச நீதிமன்றம் 2000ல் அதை அனுமதித்தது. அந்த 'ஒரே முறை' அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. வராக்கடனை ரீஷெட்யூல் செய்துகொண்டே போவது போல. கடைசியில் 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது. அடுத்த வருடமே தி.நகர் கடைகளைக் காப்பாற்ற வேறு சட்டம் வந்தது!

இதெல்லாம் வெறும் சட்டச் சண்டை அல்ல. 2024 மார்ச்சில் இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி கார்டன் ரீச்சில், அனுமதி இல்லாமல் எழும்பிய ஐந்து மாடிக் கட்டடம் நள்ளிரவில் சரிந்தது. விழுந்தது பக்கத்துக் குடிசைகளின் மேல். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதையெல்லாம் சுருக்கி, பத்திரத்தின் செக்குபந்தி நகலோடு அடுத்த கூட்டத்தில் வைத்தேன். மனு எழுதுவது என்று முடிவானது. அடுத்த பிரச்சினை, யார் கையெழுத்து? குளத்தின் அந்தக் கரையில் பஸ்தி. எங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். பாத்திரம் கழுவுவது, குளிப்பது எல்லாம் அந்தக் குளத்தில்தான். குளம் போனால் முதல் மழையில் தண்ணீர் புகுவதும் அவர்கள் வீட்டில்தான். "அவர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லையே" என்று ஒருவர் ஆரம்பித்தார். 1876லும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்றேன். மாஷிமா வேறெதுவும் பேசவில்லை, மனுவை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்கே நடந்து போய்விட்டார்.

எங்கள் 32 வீடுகளில் 19 கையெழுத்து. அந்தக் கரையிலிருந்து 41, அதில் சில கைநாட்டு. ஒரு வாரம் கழித்து ஆய்வுக்கு ஆள் வந்து அளந்து போனார்கள். லாரி வருவது இப்போதைக்கு நின்றிருக்கிறது. கொட்டியதை யார் அள்ளுவது என்பதற்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த மனு அதற்குத்தான், நாளை எழுத வேண்டும்.

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். பத்திரத்தை எடுத்து செக்குபந்தியைப் படியுங்கள். நான்கு பக்கமும் என்ன எழுதியிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்.