ஒட்டுக்கேட்பும் அந்தரங்க உரிமையும்

இந்தியாவில் தொலைபேசி உரையாடலை அரசு ஒட்டுக்கேட்பதற்கு நெடுங்காலம் ஆதாரமாய் நின்றது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். பொது நெருக்கடி நேர்ந்துழி, அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு வேண்டுழிச் செய்திகளை இடைமறிக்கலாம் என்பது அதன் ஐந்தாம் பிரிவு. ஆங்கில ஆட்சியில் எழுதப்பட்ட இவ்விரு நிபந்தனைகளும் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துள்ளும் அவ்வாறே இடம்பெற்றன.

இவ்வதிகாரத்தின் எதிரே குடிமகனுக்குள்ள உரிமை யாது என்னும் வினாவை முதற்கண் கூர்மையாக எழுப்பிய வழக்கில் தொலைபேசி இல்லை. ஒரு வீட்டுக் கதவே இருந்தது. உத்தரப்பிரதேசத்தில் கொள்ளை வழக்கொன்றினின்று 1941-இல் சான்றின்மையால் விடுவிக்கப்பெற்ற கரக் சிங் என்பாரைக் காவலர் கண்காணிப்பிற்கு உள்ளாக்கி, இரவில் அவர்தம் கதவைத் தட்டிவந்தனர். 1962-இல் உச்சநீதிமன்றம் இரவில் மனைபுகுதலை மட்டும் விலக்கிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று எனக்கூறி, அவர் போக்குவரவை வேவுபார்த்தலை இருக்கவிட்டது. நீதிபதி சுப்பா ராவ், ஷாவும் உடன்பட, இதனை ஏற்றிலர். பிறர் கண் தம்மேல் உளது என அஞ்சி நடப்பவனுக்கு நடமாடும் உரிமை நிறைவுடையதாகாது என்பது அவர் கருத்து. தமிழில் அகம் என்னுஞ் சொல் மனையையும் மனத்தையும் ஒருங்கே குறிக்கும். பெரும்பான்மையோர் முன்னதைக் காத்துப் பின்னதைக் கைவிட்டனர் என யாம் கருதுகின்றோம். சுப்பா ராவின் கருத்து 55 ஆண்டுகள் காத்திருந்தது. 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறுதியிட்டு, கரக் சிங் தீர்ப்பின் மாறுபட்ட பகுதியைத் தள்ளினர்.

இடையே, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996-இல் பிறந்த தீர்ப்பு ஒட்டுக்கேட்பிற்கு வரம்பு கட்டிற்று. உள்துறைச் செயலாளரே ஆணையிட வேண்டும். ஆணை இரு திங்கள் செல்லும். நீட்டிப்பினும் ஆறு திங்களைக் கடத்தலாகாது. செயலாளர் குழுவொன்று அதனை மறுஆய்வு செய்யும். நீதிபதியின் முன்னிசைவு வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆதலின் ஆணையிடுவோரும் ஆராய்வோரும் அரசு அலுவலரே ஆயினர். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவரும் ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனால் ஆராய்க என்றார். அஃது அரசன் ஏமாறாமைக்கு அமைந்த காவல், குடிமகனுக்கு அமைந்ததன்று. 1996-இன் நெறிகளும் இவ்வகையிற் பெரிதும் வேறுபட்டன அல்ல.

எனினும் பழைய நிபந்தனைச் சொற்கள் ஒருகால் குடிமகனுக்கும் உதவின. கையூட்டுக் குற்றமொன்றைத் துப்பறிதற்பொருட்டு நடுவணரசு 2011-இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025-இல் நீக்கிற்று. மறைவில் நிகழும் குற்றத்தைக் கண்டறிதல் பொது நெருக்கடியும் ஆகாது, பொதுமக்கள் பாதுகாப்பும் ஆகாது என்றது அத்தீர்ப்பு. ஒட்டுக்கேட்டவை மறுஆய்வுக் குழுவின்முன் உரிய காலத்தில் வைக்கப்படாமையையும் அது சுட்டிற்று. அதற்குள் அவ்வாணை பிறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.