எழுத்தும் ஏற்றிய பொருளும்: வாய்னிச் சுவடியும் நியூபோல்டும்

நூலிலிருந்து பொருளைக் கொள்வது வேறு. நூலின்மேல் பொருளை ஏற்றுவது வேறு. இந்த எல்லையைத் தம்மை அறியாமலே கடந்துவிடும் அபாயம் கல்வியிற் சிறந்தோர்க்கும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ரொமெய்ன் நியூபோல்ட் (1865–1926) வாய்னிச் சுவடியை வாசிக்க முயன்ற வரலாறு இதற்குத் தக்க த்ருஷ்டாந்தமாகும்.

ரோமாபுரிக்கு அருகே ஃப்ராஸ்காட்டியில் இயேசு சபையாரிடம் இருந்த பழஞ்சுவடிகளுள் ஒன்றை, 1912ஆம் ஆண்டில் வில்ஃப்ரிட் வாய்னிச் என்னும் நூல் வணிகர் வாங்கினார். தோலேடுகளாலான அச்சுவடியில் இனமறியாத செடிகளும், விண்மீன் சக்கரங்களும், நீராடும் பெண்டிரும் வரையப்பெற்றுள்ளனர். அதன் எழுத்தோ வேறெந்த நூலிலும் காணப்படாதது. சுவடியுடன், ப்ராக் நகரத்து அறிஞர் மார்சி 17ஆம் நூற்றாண்டில் எழுதிய கடிதம் ஒன்றும் இருந்தது. ஆசிரியர் ரோஜர் பேக்கன் என்னும் 13ஆம் நூற்றாண்டுத் துறவி என்று ஒருவர் கருதியதை அக்கடிதம் குறிக்கிறது. மார்சி தம் முடிவைக் கூறாது விட்டார். வாய்னிச்சோ அந்தக் கேள்விச் செய்தியையே நிர்ணயமாகக் கொண்டார்.

நியூபோல்ட் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். மறையெழுத்து அவர் தொழிலன்று, ஆர்வமே. 1919இல் சில பக்கங்களின் நகல்களைப் பெற்று ஆராயத் தொடங்கி, 1921 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் தம் முடிவை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளுக்குப் பொருளில்லை. ஒவ்வொன்றும் உருப்பெருக்கியில் மட்டுமே தெரியும் நுண்கீற்றுகளாலானது. அக்கீற்றுகள் பண்டைய கிரேக்கச் சுருக்கெழுத்து என்பது அவர் கொள்கை. அவற்றினின்று கிடைத்த எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கி இலத்தீன் வாக்யங்களை அமைத்தார். தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் பேக்கனிடம் இருந்தன என்பது அதனால் பெறப்பட்ட செய்தி. அறிஞர் பலர் வியந்து ஏற்றனர். நியூபோல்ட் மறைந்தபின், 1928இல் அவருடைய குறிப்புகளை ரோலண்ட் கென்ட் நூலாகப் பதிப்பித்தார்.

இதனை மறுத்தவர் பகைவரல்லர், நண்பரே. சிகாகோ பல்கலைக்கழகத்து ஜான் மேத்யூஸ் மேன்லி, முதல் உலகப்போரில் மறையெழுத்துத் துறையில் பணிபுரிந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட கட்டுரை இரண்டு தோஷங்களைக் காட்டியது. முதலாவது, நுண்கீற்றுகள் எவரும் எழுதியவை அல்ல. சொரசொரப்பான தோலில் மை உலர்ந்து வெடித்த பிளவுகளே. இரண்டாவது, எழுத்துகளை இடம் மாற்றும் முறைக்குக் கட்டுப்பாடில்லை. உரைகாரர் கொண்டுகூட்டும்போது சொற்கள் இடம் மாறும். ஆயினும் சொல் அழியாது நிற்கும். இங்கோ சொல்லே வாசிப்பவரின் படைப்பாகிறது. ஒரே பகுதியை இருமுறை ஒரே விதமாக வாசிக்க இயலாமற் போவதுண்டு என்று நியூபோல்டே ஒப்புக்கொண்டிருந்தார். எப்பொருளையும் தரவல்ல முறை எப்பொருளுக்கும் ப்ரமாணமாகாது.

மறைந்த நண்பரின் உழைப்பை மறுப்பது மேன்லிக்கு எளிதன்று. ஆயினும், மறுக்காது விட்டால் விஞ்ஞான வரலாறே பொய்யின்மேல் எழும் என்பதால் எழுதினார். நியூபோல்ட் எவரையும் ஏமாற்றியவரல்லர். தம் கற்பனையாலும் பரந்த கல்வியாலும் தாமே ஏமாந்தவர். பேக்கனைப் பற்றி அவர் அறிந்திருந்தவையே சுவடியின் வாக்யங்களாகத் திரும்பி வந்தன.

பிற்காலத்தில் அரிசோனா பல்கலைக்கழகத்தார் கரிமக் காலக்கணிப்பு முறையில் தோலேடுகளை ஆராய்ந்து, அவை 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டவை எனக் கண்டனர். பேக்கன் மறைந்து நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் அது. ஆக, ஆசிரியரைப் பற்றிய அடிப்படைக் கொள்கையும் நிற்கவில்லை.

சுவடி இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் உள்ளது. அனைவரும் ஒப்பும் வாசிப்பு இன்னும் கிட்டவில்லை. ஆசிரியர் யாரென முதலிலேயே முடிவு செய்துகொண்டு சொல்லை அதற்கு இணக்கியதே நியூபோல்டின் பிழை. பொருள் விளங்காத இடத்தில் முடிவு கூறாது நின்ற மார்சியின் அடக்கமும், நட்பினும் மேலாக ஸத்யத்தை மதித்த மேன்லியின் துணிவும் உரை காண்பார் எவர்க்கும் வேண்டுவன.