நரம்பைக் காத்த புழுங்கலரிசி

1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பார் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். தொடர்ந்து மலாக்காவிலும் அண்டையிலுள்ள நெகிரி செம்பிலானிலும் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் வழியே தமிழ்த் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களை வாரிக்கொண்டு போயின. ஆயினும், அக்காலத்தில் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பேரழிவு செய்த ஒரு நோய் அவர்களை அரிதாகவே தீண்டியது. அதுவே பெரிபெரி.

பெரிபெரி நரம்புகளைத் தாக்கும் நோய். மூளையும் தண்டுவடமும் நரம்பு மண்டலத்தின் தலைமையிடம். அவற்றினின்று கிளைத்து உடலெங்கும் செல்பவை புற நரம்புகள். தோலின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்வன சில. மூளையின் ஆணையைத் தசைக்குக் கொண்டு வருவன சில. இவற்றுள் மிக நீண்டவை பாதங்களை எட்டுபவை. ஊட்டம் குன்றியதும் முதலில் சீர்குலைபவையும் அவையே. எனவேதான் பாதம் முதலில் மரத்துப் போகிறது. பின்னர்க் கால் துவள்கிறது. இதயமும் தாக்குண்டால் உடல் வீங்கி உயிர் பிரிகிறது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராய் இருந்த பிராடன் என்னும் ஆங்கிலேயர் நோயாளிகளின் உணவை நோக்கினார். தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடம் நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரும், வீட்டில் குத்திய அரிசியை உண்ட மலாய்க் கிராமத்தாரும் தப்பினர். இதனை அவர் 1907இல் நூலாக வெளியிட்டார். வெள்ளை அரிசியில் நஞ்சு உண்டென்று அவர் கருதியது பிழை. அரிசியிலேதான் காரணம் உள்ளது என்றது சரி.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்பார் இதனைச் சோதித்தார். வெள்ளை அரிசி பெற்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி பெற்றவருள் அந்நோயால் மாண்டவர் எவருமிலர். பின்னர், பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலுபுவில் சாலைப் பணியாளரிடையே ஆய்ந்து, தீட்டும்போது கழியும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உள்ளதென நிறுவினர்.

அப்பொருளே தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து. உடல் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. சர்க்கரையை ஆற்றலாக்கத் தயமின் இன்றியமையாதது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. சத்தின் பெயரறியாத தமிழகத்துப் பெண்கள் அடுப்படியில் தலைமுறைகளாய்ச் செய்துவந்த வேலை இது.

அந்த அரிசி இல்லாதபோது என்ன நேர்ந்தது என்பதையும் வரலாறு காட்டிற்று. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அங்கே காலராவோடும் மலேரியாவோடும் பெரிபெரியும் அவர்களைத் தின்றது. முன்பு அவர்களைக் காத்தது இனத்தின் வலிமையன்று. கலத்தில் இருந்த சோறே.