கோப்பியும் தேத்தண்ணியும்



திருகோணமலைக்கு வடக்கே, பனைகள் நிறைந்த கடற்கரையில் உள்ளது நிலாவெளி. அங்கு ஒரு வீட்டுக்குச் சென்றால், "தேத்தண்ணி குடிக்கிறியளோ, கோப்பி குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். விருந்தினருக்குப் பால்மா கலப்பது இன்று மரியாதையாகிவிட்டது. வீட்டார் அன்றாடம் அருந்துவதோ வெறுந்தேத்தண்ணியே. தேயிலைத் தூளை வடியில் இட்டுக் கொதிநீரை வார்த்து இறக்குவார்கள். சீனியை அதில் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டோ, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டோ குடிப்பவர் இன்றும் உண்டு. மீன்பிடிப் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி அமைக்கும் சிங்கள மீனவர், பனங்கட்டிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டியைக் கடிப்பர். முஸ்லிம் வீடுகளில் இஞ்சி தட்டிப் போட்ட தேநீருக்குத் தனி மதிப்பு உண்டு.

கோப்பியின் கதை வேறு. கொட்டையோடு மல்லி, மிளகு, சுக்கு ஆகியவற்றையும் வறுத்து, உரலில் இடித்துத் தூளாக்குவார்கள். தடிமன் பிடித்தவருக்கு அதுவே மருந்து. தமிழ்நாட்டார் இதைக் கண்டால் கஷாயம் என்றே சொல்வர். அவர்கள் சிக்கரி கலந்த தூளில் டிக்காஷன் இறக்கி, பசும்பால் சேர்த்து, டபராவில் ஆற்றிக் குடிப்பவர்கள் அல்லரோ! ஒரே கொட்டை பாக்கு நீரிணையின் ஒரு கரையில் பாலோடும், மறுகரையில் மல்லியோடும் உறவு கொண்டது. அவர்கள் காப்பி என்பதை நாம் கோப்பி என்கிறோம். நமது சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது என்பர்.

இலங்கையில் தேயிலைக்கு மூத்தது கோப்பியே. ஆங்கிலேயர் பெருந்தோட்டங்களைத் திறப்பதற்கு முன்பே கண்டிப் பகுதிக் கிராமத்துத் தோட்டங்களில் கோப்பிச் செடி இருந்தது. பின்னர் மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து ஏழை மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற பெயரில் அப்பயிர்ச்செய்கையைப் பாட்டாகவே எழுதி வெளியிட்டார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அதே 1869இல்தான் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பெருஞ்செல்வம் அழிந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துறைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் லண்டனுக்குச் சென்றது வெறும் 23 இறாத்தல். அந்தச் சிறு பொதியின் வழித்தோன்றலே இன்று நம் அடுப்படியில் இருக்கும் தூள். தேயிலை கப்பலேறுவதற்காகவே நடப்பட்ட பயிர். வீட்டுக்குள் அது பிந்தித்தான் வந்தது. கோப்பிக்கு மல்லியும் சுக்கும் துணையாயிருக்க, தேத்தண்ணி வெறுமையாகவே நிற்பதற்கு இந்த வரவு முறையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கொழுந்து பறித்தவர்களுக்கு 1948ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமையை மறுத்தது. எஞ்சியிருந்தோர்க்கு 2003இல்தான் அக்குறை சட்டத்தால் தீர்ந்தது. இதற்கிடையில் 1977, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குத் தப்பிய மலையகக் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறின. திருகோணமலை மாவட்டத்துக்கும் சில வந்தன. அவர்கள் தேத்தண்ணியைச் சாயத்தண்ணி என்பார்கள். விடியற்காலையில் ரொட்டியும் சம்பலும் அதற்குத் துணை. கொழுந்தின் பதத்தைக் கைவிரலால் அறிந்த அப்பெண்கள், தேயிலைச் செடியே முளைக்காத இந்த உவர்க்காற்றுக் கரையில் கடையில் தூள் வாங்கிச் சாயம் வடிக்கிறார்கள். அயல்வீட்டாருக்குத் தடிமன் என்றால், ஒரு பிடி மல்லி எடுத்துக் கோப்பிக்கு வறுக்கவும் பழகிக்கொண்டார்கள்.