ஐடா குக்: வேலை பார்த்துக்கொண்டே காதல் புதின எழுத்தாளரானவர்

ஐடா குக் (1904–1986) இங்கிலாந்து நாட்டுக் காதல் புதின எழுத்தாளர். மேரி பர்ச்செல் என்ற புனைபெயரில் மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களை எழுதினார். முதலில் அரசு அலுவலகத் தட்டச்சராகவும், பிறகு பத்திரிகை உதவியாசிரியராகவும் பணியாற்றி, வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் எழுதத் தொடங்கியவர். அவருடைய எழுத்து வருமானமும் அக்கா லூயிசின் மாதச் சம்பளமும் சேர்ந்து, இரண்டாம் உலகப் போருக்கு முன் நாஜி செருமனியிலிருந்து 29 பேர் தப்பி வர உதவின.

இளமையும் அலுவலகமும்

லூயிஸ் 1901-இலும் ஐடா 1904-இலும் பிறந்தனர். தந்தை சுங்க, ஆயத்தீர்வைத் துறை அலுவலர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சகோதரிகள் இருவரும் இலண்டனில் அரசுப் பணியில் சேர்ந்தனர். பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். அக்காலத்தில் பிரித்தானிய அரசுப் பணியிலிருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும். இந்த விதி 1946-இல்தான் நீக்கப்பட்டது. சகோதரிகள் இருவரும் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1923-இல் லூயிஸ் தம் அலுவலகத்தில் வால்ஃபோர்டு டேவிஸ் என்ற இசையறிஞரின் சொற்பொழிவைக் கேட்டார். அதன் பின் வீட்டுக்கு ஒரு கிராமபோன் வந்தது. இசைத்தட்டுகள் வழியே ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகத்தின் மீது இருவருக்கும் தீராத ஆசை பிறந்தது. இத்தாலியப் பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சி நியூயார்க் மேடையில் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தனர். சிறிய சம்பளம்தான். மதிய உணவிலும் பேருந்துக் கட்டணத்திலும் மிச்சம் பிடித்து, இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்துக் கப்பலேறினர். அரங்குக்கு அணிந்து செல்ல வேண்டிய ஆடைகளைத் தாங்களே தைத்துக்கொண்டனர்.

எழுத்தாளர் ஆன விதம்

தைத்த ஆடைகளே ஐடாவை எழுத்துக்கு இட்டுச் சென்றன. பயணத்துக்காக ஆடை தைத்த அனுபவத்தைக் கட்டுரையாக்கி, 'மேப்ஸ் ஃபேஷன்ஸ்' என்ற பெண்கள் இதழுக்கு அனுப்பினார். கட்டுரை வெளிவந்தது. அந்த இதழுடன் தொடர்பு வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே உதவியாசிரியர் வேலை கிடைத்தது. நிரந்தர அரசு வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் போவது அந்நாளில் துணிச்சலான முடிவு. வீட்டில் லூயிசின் அரசுச் சம்பளம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

இதழில் பிறர் அனுப்பும் கதைகளைப் படித்துத் திருத்துவது ஐடாவின் வேலையாயிற்று. ஒரு தொடர்கதை எந்த இடத்தில் நிறுத்தப்பட வேண்டும், வாசகர் எதற்காக அடுத்த வாரம் வரை காத்திருப்பார் என்பதை அந்த மேசையில்தான் கற்றார். தட்டச்சுப் பழக்கம் ஏற்கெனவே கைவசம் இருந்தது. ஆசிரியரின் ஊக்கத்தால் தாமே எழுதிப் பார்த்தார். அவ்வாறு உருவான 'வைஃப் டு கிறிஸ்டோபர்' 1936-இல் மில்ஸ் அண்ட் பூன் வெளியீடாக வந்தது. 1908-இல் தொடங்கப்பட்ட அப்பதிப்பகம் 1930-களில் காதல் புதினங்களில் சிறப்புக் கவனம் செலுத்திவந்தது. வாடகை நூல் நிலையங்கள் வழியே இந்நூல்கள் பரவலாகப் படிக்கப்பட்டன. புத்தகங்கள் அடுத்தடுத்து வெளிவர, ஐடா இதழ்ப் பணியை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

எழுத்து ஈட்டிய பணம்

1934-இல் சால்சுபர்க் இசை விழாவின்போது, இசை நடத்துநர் கிளெமன்ஸ் கிராவுசும் அவர் துணைவியாரான பாடகி வியோரிகா உர்சுலியாக்கும் சகோதரிகளுக்கு அறிமுகமாயினர். இலண்டன் செல்லவிருந்த மித்தியா மேயர்-லிஸ்மன் என்ற தம் தோழியைக் கவனித்துக்கொள்ளும்படி பாடகி கேட்டுக்கொண்டார். ஊர் சுற்றிக் காட்டச் சொல்கிறார் என்றே சகோதரிகள் முதலில் எண்ணினர். மித்தியா யூதர் என்பதும், செருமனியில் யூதர்களின் நிலை என்ன என்பதும் பழகிய பின்புதான் அவர்களுக்குப் புரிந்தது.

வெளியேற விரும்பியவர்களுக்கு இரண்டு தடைகள் இருந்தன. செருமனியை விட்டுச் செல்லும் யூதர் 10 மார்க்குக்கு மேல் பணம் எடுத்துச் செல்லக் கூடாது. பிரிட்டனோ, தன்னைத் தாங்கிக்கொள்ள வழியில்லாதவரை உள்ளே விடாது. பெண்கள் வீட்டுவேலைக்கு வரலாம். குழந்தைகளை ஏற்று வளர்க்க ஒரு குடும்பம் வேண்டும். மற்றவர்களுக்குப் பொருளாதாரப் பொறுப்பை ஏற்கும் உத்தரவாதக் கையொப்பம் வேண்டும். ஐடாவின் கையில் பணம் சேரத் தொடங்கிய காலமும் இந்தத் தேவை எழுந்த காலமும் ஒன்றாக அமைந்தன. தம்மால் இயன்ற வரை அவர்களே உத்தரவாதம் அளித்தனர். இயலாதபோது பிறரைத் தேடிப் பிடித்தனர். வந்து சேர்ந்தவர்கள் தங்குவதற்கு இலண்டன் டால்ஃபின் சதுக்கத்தில் ஒரு குடியிருப்பும் இருந்தது.

வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை

லூயிஸ் அரசுப் பணியை விடவில்லை. எனவே பயணங்கள் வார இறுதிக்குள் முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை குராய்டன் விமான நிலையத்திலிருந்து கொலோன் நகருக்கு விமானம், அங்கிருந்து இரவு ரயில். ஞாயிறு இரவு ஆலந்து வழியாகத் திரும்பி, கப்பலில் இங்கிலாந்து வந்து, திங்கள் காலை லூயிஸ் அலுவலகத்தில் தம் இருக்கையில் இருப்பார். இதற்காகவே அவர் செருமன் மொழியும் கற்றுக்கொண்டார்.

போகும்போது எளிய உடையில், நகை ஏதுமின்றிச் செல்வார்கள். வரும்போது அகதிகளின் நகைகளை அணிந்து வருவார்கள். விலைமதிப்பான வைர ஊசியை மலிவான கம்பளிச் சட்டையில் குத்திக்கொண்டால், அது கண்ணாடிக் கல் என்றே சுங்க அலுவலர்கள் நினைப்பார்கள். மயிர்த்தோல் மேலங்கிகளில் இலண்டன் கடைகளின் பெயர்த்துணியை வைத்துத் தைத்துவிடுவார்கள். போன வழியிலேயே திரும்பினால் அதே அலுவலர் கவனிக்கக்கூடும் என்பதால் வழியை மாற்றிக்கொள்வார்கள். கேள்வி கேட்டால் ஓபரா பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். அதற்குச் சான்றாக நிகழ்ச்சி உண்மையிலேயே நடக்கும்படி, மியூனிக் ஓபராவின் பொறுப்பிலிருந்த கிராவுஸ் நாள்களை அமைத்துக் கொடுத்ததுண்டு.

போர் 1939 செப்டம்பரில் தொடங்கியதும் வழி அடைபட்டது. 29 பேரைக் காப்பாற்றிய சகோதரிகள் அதைவிடப் பலருக்கு இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. ஒரு கையொப்பத்துக்குப் பின்னால் உண்மையான பணம் இருக்க வேண்டும். அந்தப் பணமோ ஒரு புதினம் எழுதி முடித்தால்தான் வரும்.

பிற்காலம்

ஐடா தம் வாழ்க்கை வரலாற்றை 1950-இல் வெளியிட்டார். அது 2008-இல் 'சேஃப் பேசேஜ்' என்ற பெயரில் மீண்டும் வந்தது. 1965-இல் தொடங்கிய வாரண்டர் வரிசைப் புதினங்களில் தாம் நேசித்த இசை உலகையே கதைக்களமாக்கினார். பிரித்தானியக் காதல் புதின எழுத்தாளர் சங்கத்தின் தலைவராக 1966 முதல் மறையும் வரை இருந்தார். 1960-களில் இசுரேலின் யாத் வசேம் நிறுவனம் சகோதரிகளுக்கு 'நாடுகளிடையே நேர்மையாளர்' என்ற சிறப்பை வழங்கியது. 2010-இல் பிரித்தானிய அரசு, இருவரும் மறைந்த பின், அவர்களைப் பேரழிவுக் கால வீரர்கள் வரிசையில் சேர்த்தது. லூயிஸ் 1991-இல் காலமானார்.

மதிப்பீடு

வேலைக்குப் போவதால் எழுத முடியவில்லை என்று வருந்துவோர் உண்டு. ஐடாவுக்கு அலுவலகம் தட்டச்சையும் சிக்கனத்தையும் பழக்கியது. இதழ் மேசை கதையின் கட்டமைப்பைக் கற்றுத்தந்தது. அக்காவின் மாதச் சம்பளம், அவர் துணிந்து வேலை மாற உதவியது. காதல் புதினம் என்றால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. நூல் நிலையத்திலிருந்து மேரி பர்ச்செலை வாடகைக்கு எடுத்துப் படித்த பெண்களுக்கு, தாம் கொடுத்த காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது 29 பேருக்கு நுழைவு அனுமதியாக மாறியிருந்தது.