பட்டத்துக்குப் பிறகு: கண்டி முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்

கண்டி முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக இரண்டு விடயங்களைத் தேடுவர். பாடசாலை எப்போது வந்தது? பல்கலைக்கழகத்துக்கு யார் யார் போனார்கள்? போனவர்கள் படிப்பை முடித்த பின் எந்த வழியால் தொழிலுக்குள் நுழைந்தார்கள் என்பதை எழுதியவர்கள் குறைவு. ஆனால் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் ஒரு வாப்பாவிடம் பேசிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி அதுதான்: "புள்ள கெம்பஸ் முடிச்சிட்டா, இனி என்ன செய்யிற?"

இந்தக் கேள்வி நம் முன்னோருக்கு இருக்கவில்லை. கண்டி இராச்சியத்தில் மாட்டுத் தாவளப் போக்குவரத்துக்கு 'மடிகே பத்த' என்றொரு அரச பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்களே பெருமளவில் ஊழியம் செய்தார்கள். உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. பாக்கு கரைக்கு இறங்கியது. மாவனல்லைப் பக்கத்துக் கெட்டபேரியக் கோபாலர்கள் பரம்பரை வைத்தியர்கள். இவர்களிடம் படிப்பு வேறு, தொழில் வேறு என்ற பிரிவே இல்லை. வாப்பாவோடு தாவளத்தில் நடந்த பிள்ளைக்குப் பாதையும் விலையும் நாணயமும் ஒன்றாகவே பழகிப்போயின. பின்னாளில் நகரத்துக் கடைகளிலும் இதே முறைதான். மாமாவின் கடையில் துணி மடிக்கத் தொடங்கியவன் சில வருடங்களில் கணக்குப் புத்தகத்துக்கு வந்துவிடுவான். அந்த முறையில் பரம்பரைக்கு வெளியே போக வழி இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கற்றவன் தொழில் தெரியாமல் நடுவழியில் நின்றதும் இல்லை.

பரம்பரைக்கு வெளியே ஒரு கதவைத் திறந்தவர் கண்டியில் பிறந்த அறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838-1898). வாப்பாவைப் போலவே அவரும் சட்டத்தரணி. அக்காலத்தில் சட்டத்தரணியாக வர விரும்பியவர் ஏற்கெனவே தொழில் செய்யும் ஒருவரிடம் இருந்து பழகவேண்டும். அதாவது, படிப்பின் உள்ளேயே தொழில் இருந்தது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, அடுத்த ஆண்டு நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்த எகிப்தின் ஒறாபி பாஷாவோடு சேர்ந்து ஆங்கிலக் கல்வியின் தேவையை வலியுறுத்தினார். 1892இல் கொழும்பு மருதானையில் உருவாகிப் பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் அந்த முயற்சியின் பலன். மார்க்கம் போய்விடும் என்று பயந்த சமூகத்திடம், ஆங்கிலம் இல்லாமல் நீதிமன்றத்திலும் கச்சேரியிலும் நமக்கு இடம் கிடைக்காது என்று சொன்னவர் அவர். கல்வியையும் பிழைப்பையும் அவர் ஒரே வாக்கியத்தில் பேசினார்.

அடுத்த கட்டம் ஏ.எம்.ஏ. அஸீஸுடையது. 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். போட்டிப் பரீட்சை என்றால் என்ன, அதற்கு எப்படித் தயாராவது என்பதை அனுபவித்து அறிந்தவர். வறுமையால் திறமை வீணாகக்கூடாது என்று 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை உருவாக்கினார். 1948இல் சிவில் சேவையையே விட்டு ஸாஹிறாவின் அதிபரானார். அதே காலத்தில் நம் பக்கத்தில் கம்பளை ஸாஹிறாவை பதியுதீன் மஹ்மூத் கட்டியெழுப்பினார். 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. கிராமத்துப் பிள்ளை பல்கலைக்கழக வாசல் வரை போகப் பாதை அமைந்துவிட்டது.

அந்த வாசலும் நம் ஊருக்கே வந்தது. 1942இல் கொழும்பில் 904 மாணவர்களோடு தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், பின்னர் பேராதனைக்கு இடம்பெயர ஆரம்பித்தது. அன்று வெளியேறிய பட்டதாரிக்கு வேலை ஒரு பிரச்சினை இல்லை. தொகை குறைவு, எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், அரச சேவையோ சுதந்திரத்தின் பின் விரிந்துகொண்டிருந்தது. ஆகவே மாணவரைத் தொழிலுக்குத் தயார்செய்வது தன் கடமை என்று பல்கலைக்கழகம் பெரிதாக நினைக்கவில்லை. நாமும் நினைக்கவில்லை.

1960இல் நிலைமை மாறியது. சிங்களத்திலும் தமிழிலும் கற்ற மாணவர்கள் கலைப்பீடத்துக்கு வரத் தொடங்கினார்கள். அது நியாயமான, வரவேற்கவேண்டிய மாற்றம். இல்லாவிட்டால் நம்மில் பலர் அந்தப் படிக்கட்டில் கால் வைத்திருக்கவே மாட்டோம். 60களின் நடுவில் நாட்டின் பல்கலைக்கழக மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. ஆனால் வெளியே கம்பனிகளும் வங்கிகளும் ஆங்கிலத்திலேயே ஆள் எடுத்தன. தாய்மொழியில் பட்டம் பெற்றவருக்கு மிஞ்சியது அரச உத்தியோகம் ஒன்றுதான். அதுவும் வேகமாக நிரம்பிக்கொண்டிருந்தது.

1971 ஏப்ரலில் நடந்த கிளர்ச்சியில் படித்த கிராமத்து இளைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதே ஆண்டு, பொருளியலாளர் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் அமைப்பின் குழுவொன்று இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. வேலை போதாது என்பது பிரச்சினையின் ஒரு பாதிதான்; கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள தொழில்களுக்கும் பொருத்தமில்லை என்பது மறுபாதி என்று அக்குழு கண்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த அறிக்கை பழசாகவில்லை என்பதுதான் கவலை.

நம் சமூகத்தில் இதற்கு ஒரு தனிப் பரிமாணம் உண்டு. பதியுதீன் மஹ்மூத் 1960-63இலும் 1970-77இலும் கல்வி அமைச்சராக இருந்தபோது முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள் பெருகின. முஸ்லிம் பாடசாலைகள் அதனால் தலைநிமிர்ந்தன. இன்று வகுப்பறையில் நிற்கும் நாங்கள் அந்த வரலாற்றின் பிள்ளைகள். ஆனால் அதன் கூடவே, கலைப்பட்டம் என்றால் ஆசிரியத் தொழில் என்ற ஒரே கணக்கும் நம் மனங்களில் பதிந்துவிட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து தனியார் துறை பெருத்த பின்பும் கணக்கை நாம் மாற்றவில்லை. பட்டமளிப்பு முடிந்ததும் வர்த்தமானியைப் பார்த்துக் காத்திருப்பது பழக்கமாகிப்போனது. அரசாங்கங்களும் அவ்வப்போது பட்டதாரிகளைத் தொகுதி தொகுதியாகப் பயிலுநர்களாக எடுத்து அந்தக் காத்திருப்பை வளர்த்தன. 2020இல் எடுக்கப்பட்ட தொகுதி ஏறக்குறைய 50,000 பேர். அடுத்த தொகுதி எப்போது என்று எவரும் சொல்லமுடியாது. அதற்குள் ஆண்பிள்ளை கடைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறான். பெண்பிள்ளையின் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. கலைப்பீடத்துக்குப் போகும் நம் பிள்ளைகளில் பெண்களே கூட என்பதால் இந்த நட்டம் சின்னதல்ல.

இதற்கு மாற்று பேராதனைக்குள்ளேயே இருக்கிறது. 1964இல் அங்கே வந்த பொறியியல் பீடத்தில் மாணவர் படிக்கும்போதே தொழிற்சாலைக்கும் வேலைத்தளத்துக்கும் பயிற்சிக்குப் போகிறார். பட்டம் பெறும் முன்பே அவரை நாலு பேருக்குத் தெரியும். அது தாவளக்காரரின் பழைய முறைதான். கலைப்பீடத்தில் தமிழோ வரலாறோ அரபோ படிக்கும் பிள்ளைக்கு இது கட்டாயமில்லை என்பதால், அதைத் தேடிப் போகவேண்டியது பிள்ளையின் வேலையாகிறது. பல்கலைக்கழகத்தில் தொழில் வழிகாட்டல் பிரிவு இயங்குகிறது. சுயவிபரக் கோவை எழுதவும் நேர்முகப் பரீட்சைக்கு முகங்கொடுக்கவும் அங்கே கற்கலாம். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் கடைசி வருடத்தில்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். முதல் வருடத்திலேயே போகச் சொல்லவேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களும்.

சமூகம் செய்யவேண்டியதும் பெரிய காரியமல்ல. ஏ.எல். பெறுபேறு வந்ததும் பள்ளிவாசல் மண்டபத்தில் பரிசளிப்பு வைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அதோடு பிள்ளையை மறந்துவிடுகிறோம். நான்கு வருடம் கழித்து அதே பிள்ளை வீடு திரும்பும்போது மண்டபம் பூட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வங்கி முகாமையாளர், ஒரு கணக்காளர், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு நிர்வாக சேவை உத்தியோகத்தர் இருக்கத்தான் செய்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, கடைசி இரண்டு வருட மாணவர்களோடு இரண்டு மணிநேரம் அவர்கள் உட்கார்ந்தால் போதும். தங்கள் துறைக்குள் நுழையும் வழி, எழுதவேண்டிய பரீட்சை, விடுமுறையில் பழகக் கிடைக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். ஊர் வியாபாரிகள் விடுமுறைக்கு ஒரு மாணவியைத் தங்கள் கணக்கு அலுவலகத்தில் அமர்த்தலாம். ஸக்காத் நிதியில் ஒரு பகுதியை, பெறத் தகுதியுள்ள மாணவருக்கு ஆங்கிலத்துக்கும் கணினிக்கும் ஒதுக்குவதுபற்றி உலமாக்களிடம் கேட்கலாம்.

சித்திலெப்பை பாடசாலைக் கதவைத் திறந்தார். அஸீஸ் பல்கலைக்கழகத்துக்கான செலவுக்கு வழி செய்தார். இரண்டும் அந்தந்தக் காலத்தின் தேவை. நம் காலத்தின் தேவை, படித்து முடித்த பிள்ளையைத் தொழிலின் வாசல் வரை கூட்டிப்போவது. அதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், பெரிய நிதியமும் வேண்டாம். இருக்கிற மண்டபத்தின் திறப்பு யாரிடம் என்று கேட்டுத் தொடங்கலாம்.