காலில் ஒரு வளையம்

ஐப்பசி பிறந்தா கோடியக்கரையில உள்ளான்கள் வந்து இறங்கும். "சைபீரியாவிலேர்ந்து வருது"ன்னு சர்வசாதாரணமா சொல்லிடுறோம். இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னு தேடப் போனா, ஒரு காய்ச்சல் கதையில கொண்டுபோய் விட்டுச்சு!

1957. இன்றைய கர்நாடகத்தின் சிமோகா பக்கம், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பின்னாடியே மனுஷங்களுக்கும் காய்ச்சல். உண்ணி மூலம் பரவிய அந்தக் கிருமி, ரஷ்யாவில் ஏற்கெனவே தெரிந்த கிருமிகளுக்குச் சொந்தம். உடனே சந்தேகம் யார் மேல? வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் மேல!

உலக சுகாதார நிறுவனம் கை கொடுக்க, சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் வேலையில் இறங்கியது. வலை போட்டுப் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டிப் பறக்க விடுவது. பிற்பாடு கோடியக்கரையும் இதற்கு முக்கியமான இடமானது. வளையம் போட்ட பறவை வேறெங்கோ யார் கையிலாவது சிக்கினால், இரண்டு ஊருக்கும் நடுவே வரைபடத்தில் ஒரு கோடு விழும்.

கியாசனூர் காய்ச்சலைப் பறவைதான் கொண்டுவந்தது என்பது நிரூபணமாகவே இல்லை. ஆனா குற்றவாளியைத் தேடி மாட்டின வளையம், எத்தனையோ பறவைகளோட சொந்த ஊரை நமக்குச் சொல்லிடுச்சு.

இப்பவும் பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்தா, வலசைப் பறவைகளை விரட்டணும்னு பேச்சு கிளம்புது. சந்தேகம் வரட்டும், தப்பில்லை. அன்னிக்கு அவங்க துப்பாக்கியை எடுக்கலை, வளையத்தை எடுத்தாங்க. அதை மட்டும் மறந்துடாம இருந்தா சரி.